பன்னிரண்டு கட்டைக்குள் விளக்கு

எல்லாக் கட்டைகளும் ஒரே அளவாக இருக்கும் உலகில் அளவுத் தகராறு வராது என்று கற்றறிந்தோர் பலரும் நம்புகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் மேலே செல்வது முறையாகாது. நம் ஊர் வரப்புச் சண்டைகளில் கல் நகர்ந்துவிட்டது, சங்கிலி நீண்டுவிட்டது என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். கட்டைகளை அடுக்கி ஊர் எழுப்பும் கணினி விளையாட்டில் அந்தச் சாக்குகூடக் கிடையாது. ஆகவே அங்கே சண்டை கலப்படமில்லாமல் நடக்கும்.

நாசரேத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் பொன்சீலியும், மஸ்கட்டில் வேலை பார்க்கும் அவள் கொழுந்தன் ராஜசிங்கும் அத்தகைய உலகம் ஒன்றைப் பங்குபோட்டு ஆடினார்கள். யார் கணினியை மூடினாலும் அந்த உலகம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மூத்த நாத்தனார் கிரேஸ்மணி எப்போதாவது வந்து நாலு ஆடு வளர்ப்பாள். தகராறு என்றால் தீர்ப்பும் சொல்வாள்.

அந்த உலகத்துக்கு அடியில் தூணோ சுவரோ குறுக்கிடாத பெரிய குகை ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கம் பொன்சீலி ஊதாக் காளான் பாத்தி போட்டிருந்தாள். சதுப்புக் காட்டில் பலமுறை செத்துப் பிழைத்துக் கொண்டுவந்த இனம். அழிந்தால் வேறு விதை இல்லை. இருட்டில்தான் வளரும், வெளிச்சம் பட்டால் இற்றுப்போகும். மறுபக்கம் ராஜசிங் பாதாள ரயில் நிலையம் கட்டினான். அவனுக்கு விளக்கில்லாமல் ஆகாது. இருட்டில் பூதங்கள் முளைத்துவிடும்.

அங்கே வெளிச்சம் எறும்பைப்போல ஊரும். ஒரு கட்டையின் பக்கத்திலிருந்து ஒட்டியிருக்கும் அடுத்த கட்டைக்குப் போகுமே தவிர, மூலைக்கு மூலை தாவாது. கட்டைக்குக் கட்டை மங்கி, பன்னிரண்டாவதில் அடங்கிவிடும். அதனால் ராஜசிங் வாக்குக் கொடுத்திருந்தான்: காளானிலிருந்து பன்னிரண்டு கட்டைக்குள் விளக்கு வைப்பதில்லை, வைத்தால் நிலையத்தைத் தன் கையாலேயே இடித்துவிடுவான்.

நிலையத்தில் விளக்கு எரியத் தொடங்கிச் சில நாள் கழித்துத்தான் பொன்சீலி அதைக் கவனித்தாள். காளான்கள் கொழுகொழுவென்று நின்றன. இருந்தாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை; அளந்தாள். எண்ணிக்கை தவறாமலிருக்க அந்த உலகத்தார் எல்லோரும் செய்வதுபோல, தொடங்கிய இடத்தில் ஒரு பந்தம், திரும்பிய இடத்தில் ஒன்று, முடிந்த இடத்தில் ஒன்று என்று நட்டாள். பாத்தி ஓரத்திலிருந்து கிழக்கே ஆறு கட்டை, அங்கிருந்து வடக்கே எட்டாவது கட்டையில் விளக்கு. பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் கணினியை அப்படியே மூடிவிட்டு ஓடினாள்.

சாயங்காலம் பந்தங்களைப் பொறுக்கிக்கொண்டே திரும்பியவள் பாத்தியருகே நின்றுவிட்டாள். ஒரு காளான்கூட மிச்சமில்லை. உடனே மற்ற இருவரையும் விளையாட்டுக்குள் அழைத்தாள்.

“வாக்கு என்னாச்சு, கொழுந்தனாரே? ஆறுக்கும் எட்டுக்கும் குறுக்கே பத்து. எட்டாங்கிளாஸ் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நிலையத்தை இடியுங்க.”

“குறுக்கே போக நீங்க என்ன காக்காயா, மைனி? என் பெட்டி தண்டவாளத்துல கிழக்கே ஆறு போய், திரும்பி வடக்கே எட்டு போகும். பதினாலு! லீவு பூரா உக்காந்து கட்டினது, ஒரு செங்கல் பேர்க்க மாட்டேன்.”

கிரேஸ்மணி இருவரையும் அதட்டினாள். “ஏலே, சத்தம் போடாத. பாத்தியைச் சுத்திப் பன்னிரண்டு கட்டை தள்ளிச் சதுரமா வேலி போட்டுப் பாத்துட்டேன். வேலிக்கு நாலு கட்டை உள்ளதான் விளக்கு நிக்கு. அப்ப தூரம் எட்டு.”

“சதுரமா?” என்றார்கள் மற்ற இருவரும் ஒரே குரலில்.

“பின்னே ஆடு வட்டமாவா மேயும்?”

ஆக, ஒரு விளக்குக்கும் ஒரு பாத்திக்கும் நடுவே எட்டு, பத்து, பதினாலு என்று மூன்று தூரங்கள். கேட்டவர்களே, இதில் யாருடைய அளவு சரி? காளான்களை அழித்தது யார்? நிலையத்தை இடிக்க வேண்டுமா?

விடை: எதற்காகத் தூரம் கேட்கிறோமோ அது போகும் வழியில்தான் அளக்க வேண்டும். வேலி போடுவதானால் கிரேஸ்மணியின் எட்டும், அம்பு விடுவதானால் பொன்சீலியின் பத்தும் சரி. இங்கே அஞ்சியது வெளிச்சத்துக்கு. அது மூலைக்கு மூலை தாவாததால் ஆறும் எட்டும் சேர்ந்து பதினாலு கட்டை ஊர வேண்டும்; பன்னிரண்டிலேயே அடங்கிவிடும். ராஜசிங் வெளிச்சத்தை நினைக்காமல் ரயிலை நினைத்துத்தான் அளந்தான், ஆனாலும் அவன் கணக்கே சரி. வாக்கும் தவறவில்லை, நிலையமும் இடிபட வேண்டாம். காளான்களை அழித்தது, பொன்சீலி அளப்பதற்காகப் பாத்தி ஓரத்தில் நட்டு, பகல் முழுக்க எரியவிட்ட முதல் பந்தம்; ஆறே கட்டையில் நின்ற இரண்டாவதும் அதற்குத் துணை.

மறுநாள் எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் தொடங்க வேண்டியிருந்தது. பொன்சீலி டீச்சர் சதவீதம் நடத்தினாள்.