புத்தி நொண்டிய கதை

குஞ்சிதபாதம் துணிமணியைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். குனிய முடியவில்லை. பையைக் கட்டில்மேல் வைத்து, நின்றபடியே திணித்தார்.

கணக்கு வாத்தியாராக இருந்து, ஓய்வு பெற்றதும் மடத்துக்கு வந்தவர். குரு மங்களநாயகி அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். அதனால் என்ன, அம்மையின் காலில் விழ அவர் தயங்கியதே இல்லை. தீராத இடுப்பு வலி வந்தபிறகுதான் அது நின்றது. விழுந்தால் எழுப்ப ஆள் வேண்டுமே!

மடத்துச் சபையில் தினமும் அவர்தான் பிரசங்கம் செய்வார். அன்று காலை அங்கே ஒரு மானக்கேடு நடந்தது. 'உடம்பு வேறு, நீ வேறு' என்று வழக்கம்போல் ஆரம்பித்தார். இடுப்பில் சுரீரென்றது. அடுத்த வரி வரவில்லை. எதைப் பற்றிப் பேசினோம் என்பதே போய்விட்டது. யாரோ பாவம் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பையோடு அம்மையிடம் போனார்.

"உத்தரவு கொடுங்கம்மா. ஊருக்குப் போறேன்."

"ஏன் ஐயா?"

"வலிக்கிறது இடுப்புதானே. புத்தி எதுக்கும்மா நொண்டணும்? உடம்பு வேற, நான் வேறன்னு இத்தனை வருஷமா சொன்னேனே, அது பொய்யா? புத்தி கெட்டவன் இங்கே இருந்து என்ன பண்ண?"

குரலில் கோபம்கூட இல்லை. மனுஷன் அலுத்துப்போயிருந்தார்.

சமையற்கட்டில் சமையல்கார வேம்புவின் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. பல் முளைக்கிற நேரம், காலையிலிருந்து ஓயவில்லை. அம்மை போய்த் தூக்கிவந்தார். குஞ்சிதபாதத்தை நாற்காலியில் உட்காரச் சொல்லி, பிள்ளையை மடியில் விட்டார். அது வீறிட்டது.

"பதினேழையும் இருபத்தாறையும் பெருக்கினா எவ்வளவு ஐயா?"

கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா! வாயைத் திறந்தார். பிள்ளை காதுக்குள்ளேயே கத்தியது. மறுபடி ஆரம்பித்தார். பாதியில் எண் நழுவியது.

"எவ்வளவு?"

"என்னம்மா இது, இவன் இப்படிக் கத்தினா எப்படிப் போடுறது?"

"பெருக்கல் மறந்துபோச்சா?"

"மறக்கிறதாவது! காலமெல்லாம் சொல்லிக்கொடுத்த கணக்கு. இவன் வாயை மூடட்டும், சொல்றேன்."

அம்மை பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினார். அழுகை கொஞ்சம் தணிந்தது.

"நானூத்தி நாப்பத்திரண்டு" என்றார் குஞ்சிதபாதம். சொன்னபிறகுதான் அம்மையை நிமிர்ந்து பார்த்தார். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவனுக்குப் பல் முளைச்சா ஓய்ஞ்சிடுவான். என் இடுப்பு ஓயாதேம்மா."

"ஓயாதுதான்" என்றார் அம்மை. "நாளைக்கும் சபைக்கு வாங்க. வரி விட்டுப்போனா, கொஞ்சம் பொறுங்க, பிள்ளை அழுறான்னு சொல்லுங்க. அங்கே வந்து உட்கார்றவங்கள்ல யார் இடுப்புலதான் பிள்ளை இல்லை?"