நரியின் மனைவி கிழங்கு வாங்கிய கடை

ஆவணி இரண்டாம் தேதி, காலை ஆறு மணி. ஏழுபனை நகரத்தின் மிருகச் சந்தையில் பதினேழு கடைகள் திறந்திருந்தன. புல்லாண்டி என்ற முயலுக்குப் பதினேழின்மீதும் சந்தேகம்.

அதன் மனைவி தும்பை மூன்று குட்டிகளை ஈன்று ஐந்து நாள் ஆகியிருந்தது. முந்தின நாளிலிருந்து பால் வற்றிவிட்டது. குட்டிகள் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு, இப்போது சத்தம் போடுவதையும் நிறுத்திவிட்டன. தண்ணீர்விட்டான் கிழங்கு தின்றால் பால் சுரக்கும். அது மலைச் சரக்கு. நகரத்தில் இந்தச் சந்தையை விட்டால் வேறெங்கும் கிடைக்காது. இன்று கிடைக்காவிட்டால் நாளைக்கு அது தேவைப்படாது.

சந்தைக்கு ஒரு சட்டம் உண்டு. சந்தையைச் சுற்றி நிற்கும் ஏழு பனைமரங்களுக்குள் யாரும் யாரையும் கடிக்கக் கூடாது. புலியே வந்தாலும் வந்த வேலையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். புல்லாண்டி அந்தச் சட்டத்தையும் முழுக்க நம்பவில்லை.

எலி விற்ற தினை அதற்கு அளவுக்கு மீறி மஞ்சளாகத் தெரிந்தது. கரடியின் தேன் ரொம்பக் கெட்டி. பக்கத்துக் கடைத் தேன் ரொம்பத் தண்ணீர். காட்டுநெல்லி விற்ற குரங்கு காரணமில்லாமல் சிரித்தது.

"ஏன் ஐயா, வாங்க வந்தீரா, துப்பறிய வந்தீரா?" என்று குரங்கு கத்தியது.

சந்தையின் கோடியில் ஊசியம்மாள் என்ற முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. கடை என்று சொல்ல ஒரு கிழிந்த சாக்குதான். அதன்மேல் மண்கூட உதறாத ஒரே ஒரு கொத்துக் கிழங்கு.

"தண்ணீர்விட்டான் கிழங்கா?" என்றது புல்லாண்டி.

"ஆமாம். யாருக்கு?"

"வாங்குகிறவருக்கு!"

"அது தெரியும். வீட்டில் பிரசவமா? எத்தனை குட்டி? இன்றைக்கு எத்தனையாவது நாள்?"

புல்லாண்டியின் காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. குட்டி இருப்பதை முயல்கள் வெளியே சொல்வதில்லை. சொன்ன முயல்களின் குட்டிகள் பெரும்பாலும் வளர்ந்ததில்லை. 'கிழங்கு விற்கிறவளுக்கு என் வீட்டு விவரம் எதற்கு? யாருக்குச் சொல்லப் போகிறாள்?'

"குட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை! எனக்குத்தான். வாயுத்தொல்லை!"

"வாயுவுக்குச் சுக்கு வாங்கும். மூன்றாவது கடை. வழியை விடும்!"

புல்லாண்டி முணுமுணுத்துக்கொண்டே நடந்தது. சந்தையின் நடுவில் குணசீலன் என்ற நரியின் கடை. தண்ணீர் தெளித்த தரை, வாழையிலை விரிப்பு, அதன்மேல் மலைபோலக் கிழங்கு. மண் ஒரு பொட்டு இல்லை.

"வாரும் அண்ணாச்சி!" என்றது நரி. "என்னையும் சந்தேகப்படும்! நன்றாகச் சந்தேகப்படும்! கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவருக்கு நான் சரக்கே கொடுப்பதில்லை!"

இத்தனை மரியாதையாகப் புல்லாண்டியிடம் யாரும் பேசியதில்லை. ஆனாலும் கேட்டது: "யாருக்கு என்று நீர் கேட்கவில்லையே?"

"சேச்சே! உம் வீட்டு விஷயம் எனக்கு எதற்கு? கோடியில் ஒரு அம்மாள் எல்லாவற்றையும் துருவுகிறாள். ஏன் துருவுகிறாள் என்று நீரே யோசித்துப் பாரும்!"

"நானும் அதைத்தான் நினைத்தேன்! சரி, இது அசல் என்பதற்கு என்ன சாட்சி?"

"தண்ணீர்தான் சாட்சி! அசல் மூழ்கும், போலி மிதக்கும். என் கையால் போட்டால் நம்பமாட்டீர். நீரே போடும்!"

புல்லாண்டி பானைத் தண்ணீரில் ஒன்றைப் போட்டது. மூழ்கியது. விடாமல் இன்னும் இரண்டைப் போட்டது. அவையும் மூழ்கின. கூழாங்கல்லைப் போட்டிருந்தாலும் மூழ்கியிருக்கும்; அது புல்லாண்டிக்குத் தோன்றவில்லை. கொண்டுவந்த இரண்டு கட்டுக் கடலைக்கொடியில் ஒன்றைக் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டது.

திரும்பும் வழியில் கோடிக் கடையில் ஒரு நரிவால் தெரிந்தது. குணசீலனின் மனைவி வடிவு!

"நாலு குட்டி, அம்மா. மூன்றாவது நாள். பால் போதவில்லை," என்று அது ஊசியம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

புல்லாண்டி நின்றது. நரியின் கடையில் கிழங்கு குவிந்து கிடக்கிறது. நரியின் மனைவி ஏன் இங்கே வந்து வாங்குகிறாள்? அன்று காலையிலிருந்து அது பட்ட சந்தேகங்களில் உருப்படியானது இது ஒன்றுதான்.

கிட்டே போய் வடிவிடம் பொட்டலத்தை நீட்டியது. "அம்மா, இது என்ன கிழங்கு?"

வடிவு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பனங்கிழங்குச் சீவல். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டது. நேற்று நான்தானே சீவிக் கொடுத்தேன்!"

"உம் வீட்டுக்காரர் அசல் என்றாரே!"

"அவர் விற்கிறதை நாங்கள் தின்கிறதில்லை!"

ஊசியம்மாள் கொத்தைப் பிரித்தது. "இதில் ஏழு கிழங்கு இருக்கிறது. குட்டிக்கு ஒன்று என்பது கணக்கு. வடிவுக்கு நாலு போனால் மிச்சம் மூன்று. வாயுத்தொல்லைக்கு நான் தரமாட்டேன். இப்போதாவது சொல்லும், எத்தனை?"

புல்லாண்டி வடிவின் பற்களைப் பார்த்தது. நரியின் முன்னால் குட்டிகளை எண்ணிச் சொன்ன முயல் இதுவரை இல்லை. சொல்லாமல் போனால் வீட்டில் எண்ணுவதற்குக் குட்டி இருக்காது.

"மூன்று..."

"என்ன? காதில் விழவில்லை!"

"மூன்று! ஐந்தாவது நாள்! நேற்றிலிருந்து சொட்டுப் பால் இல்லை!"

சந்தை முழுக்கக் கேட்டது. குரங்குகூடச் சிரிப்பை நிறுத்தியது.

"மூன்றுதானா? கொடுத்துவைத்தவர்!" என்றது வடிவு. தன் நாலு கிழங்கையும் கவ்விக்கொண்டு கணவனின் கடைப்பக்கம் திரும்பாமலே போய்விட்டது.

ஊசியம்மாள் மிச்சக் கட்டுக் கடலைக்கொடியை வாங்கிக்கொண்டது. "கிழங்கின் நடுநரம்பை உருவிவிட்டுத் தாய்க்குக் கொடும். முதல் வாரத்தில் நரம்பு செரிக்காது. நாள் கேட்டது அதற்குத்தான்! ஓடும்!"

புல்லாண்டி ஓடியது. மதியத்துக்குள் தும்பைக்குப் பால் சுரந்தது. சாயங்காலம் இரண்டும் சேர்ந்து குட்டிகளை வேறு புதருக்கு மாற்றின.

"வடிவு நல்லவள்தான்," என்றது புல்லாண்டி. "இருந்தாலும் நரி."

எங்கே நல்ல சரக்கு கிடைக்கும் என்று கடைக்காரரின் பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவர் வீட்டார் எங்கே வாங்குகிறார்கள் என்று பாருங்கள்.

புரட்டாசி மூன்றாம் தேதி, மூன்று முயல்குட்டிகளும் தாமாகவே அருகம்புல் மேய்ந்தன.