படகைச் சேற்றில் உட்காரவைத்த கணக்கு

வெகுகாலத்துக்கு முன்னே, முடிகுன்றம் என்ற சீமையைக் கோடைவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்தால் மழை, நினைத்தால் வெயில், அப்படி ஒரு குணம். திடீரென்று ஒருநாள் அவருக்குப் படகேறி ஏரியைச் சுற்ற ஆசை வந்துவிட்டது. ஏரிப் படித்துறைக்கு மொத்தம் பன்னிரண்டு படி. அதில் குறைந்தது ஐந்து படியாவது தண்ணீருக்குள் இருந்தால்தான் படகு மிதக்கும். மிச்சத் தண்ணீரை வயலுக்கு விடுங்கள் என்று உத்தரவு போட்டார்.

மந்திரி வெண்காடர் அப்போது ஊரில் இல்லை. அவர் பதவிமேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த ஆஸ்தானக் கணக்கர் அட்சயலிங்கம், இதுதான் சமயம் என்று முன்னால் வந்தார். முழுகிக் கிடக்கிற படியை யார் போய் எண்ணுவது, வெளியே தெரிவதை எண்ணுவதல்லவா புத்தி என்றார். பன்னிரண்டில் ஐந்து போக ஏழு. "குறைந்தது ஏழு படி வெளியே தெரியட்டும்" என்று தண்டோரா போடவைத்தார்.

வெண்காடர் ஊர் திரும்பி, சேதி கேட்டு, மூச்சிரைக்க ஏரிக்கரைக்கு ஓடினார். பன்னிரண்டு படியும் காய்ந்து கிடந்தன. கீழே சேற்றில் படகு. நல்லநேரம் தவறக்கூடாதென்று அதில் ஏறி உட்கார்ந்த ராஜா, பட்டும் கிரீடமுமாக, இறங்கவே மாட்டேன் என்கிறார். மதகைத் திறந்த கையை வெட்டச் சொல்லி ஆணையும் பிறந்தாயிற்று. கரையில் மதகுக்காரன் சடையாண்டியைச் சேவகர்கள் இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

"குறைஞ்சது ஏழுன்னுதானே சாமி தமுக்கு அடிச்சாங்க? கூடத் தெரிஞ்சா ராசாவுக்கு இன்னும் சந்தோசம்னு நெனச்சேன்" என்றான் அவன்.

வெண்காடருக்கு எங்கே கோணல் என்று பளிச்சென்று புரிந்துவிட்டது. ஆனால் கொதிக்கிற மனுஷரிடம் கணக்குப் பேசினால் காதில் ஏறுமா? படகில் ராஜாவின் பலகாரத் தட்டு இருந்தது. எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு அதிரசம். முழங்கால் சேற்றில் இறங்கிப் போய்த் தட்டை எடுத்து, கீழ்ப்படியில் நின்ற அட்சயலிங்கத்திடம் திரும்பினார்.

"கணக்கரே, இதில் அரசருக்குக் குறைந்தது ஐந்து மிஞ்ச வேண்டும். படிக்குப் போட்ட அதே கணக்கைப் போடும். நீர் எத்தனை தின்னலாம்?"

கணக்கு மாறினால் தன் தலை உருளும் என்று அட்சயலிங்கத்துக்குத் தெரியும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அதே கணக்குத்தான், ஓய். குறைந்தது ஏழு" என்றார்.

"அப்படியானால் தின்னும்."

ஏழு உள்ளே போயிற்று. எட்டாவதை நீட்டினார் மந்திரி. எட்டும் குறைந்தது ஏழுக்குள் அடக்கம்தானே என்று கேட்டார். இல்லையென்று சொல்ல முடியுமா? எட்டும் போயிற்று. ஒன்பதும் போயிற்று. பசியோடிருந்த ராஜாவின் கண் தட்டுக்கும் கணக்கர் வாய்க்குமாக அலைந்தது. பதினொன்று. கணக்கருக்குக் கண் பிதுங்கியது. கடைசி அதிரசத்தை மந்திரி எடுத்ததும் ராஜா படகிலேயே எழுந்து நின்றுவிட்டார்.

"நிறுத்தும்! எனக்கு எங்கே ஐந்து? எனக்குக் குறைந்தது ஐந்து வேண்டுமென்றால், அந்த ஆள் தின்பது ஏழுக்கு மேல் போகக்கூடாதே..." சொல்லிக்கொண்டே வந்தவர், காய்ந்த படிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அதேதான் அரசே. உள்ளே இருப்பதற்கு 'குறைந்தது' என்றால், வெளியே இருப்பதற்கு 'அதிகபட்சம்'. கழித்தவர் எண்ணைச் சரியாகக் கழித்தார். சொல்லைப் புரட்ட மறந்துவிட்டார்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பதினோரு அதிரச வயிற்றோடு தம்மைத் தோளில் சுமந்து கரையேற்றும்படி அட்சயலிங்கத்துக்கு உத்தரவாயிற்று. அவர் தத்தித் தத்தி நடக்க, தோளிலிருந்தபடியே ராஜா, மந்திரியாருக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

"சடையாண்டியின் கை."

ராஜா முகம் சுருங்கியது. சொன்ன ஆணையைத் திரும்ப வாங்கும் வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது. "சரி, உமக்கே கொடுத்தேன். எடுத்துக்கொள்ளும்."

"எடுத்துக்கொண்டேன், அரசே. இனி அது என் கை. என் பொருளை யாரும் தொடக்கூடாது" என்ற வெண்காடர் சேவகர்களை விலகச் சொன்னார். "நான் கேட்கும்வரை இவனிடமே இருக்கட்டும். சடையாண்டி, போய் மதகை மூடு."