தன் ருசியைக் கடலில் விட்ட பாசி

அந்தக் காலத்தில் கடலில் இருந்ததெல்லாம் பேசும். நண்டு பேசும், சங்கு பேசும், பாறையில் ஒட்டிக்கிடக்கிற சிப்பி கூடச் சோம்பலாக இரண்டு வார்த்தை பேசும். மீன் மட்டும் பேசாது. அதுவும் பேசியிருந்தால் மனிதனுக்குச் சோறு இறங்கியிருக்குமா? எல்லாரையும் விட அதிகம் பேசியது கடல்பாசிதான். அப்போது அதற்குச் செக்கச்செவேலென்று நிறம் இருந்தது. ஊரைக் கூட்டுகிற வாடை இருந்தது. நாக்கில் பட்டால் மூன்று நாள் போகாத ருசியும் இருந்தது. அந்த ருசிக்குப் பயந்து யாரும் அதைத் தின்பதில்லை. பாசிக்கு அதில் வருத்தம் கிடையாது, பெருமைதான்.

அந்த நாளில் தென்கடல் தீவு ஒன்றுக்கு மாயழகி என்ற பெண் வாழ்க்கைப்பட்டு வந்தாள். வைகைக் கரையில், வயலும் மாடுமாக இருந்த வீட்டில் பிறந்தவள். கண்மாயை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கடலுக்கு வந்தவள். புருஷன் நம்புராசு வலை வீசுகிறவன், தங்கமான மனிதன். அவனிடம் எந்தக் குறையும் இல்லை. தீவில்தான் ஒரு பசுகூட இல்லை.

மூன்றாம் மாதம் மசக்கை வந்தது. சோறு நிற்கவில்லை, கஞ்சி நிற்கவில்லை, பச்சைத் தண்ணீர்கூட நிற்கவில்லை. கண்ணை மூடினால் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. அவள் ஆத்தா சாயங்காலம் காய்ச்சுகிற பால். சுண்டக் காய்ச்சி, சுக்கைத் தட்டிப்போட்டு, இரண்டு ஏலக்காயும் ஒரு துண்டு பட்டையும் சேர்த்து, கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, வாயகன்ற கும்பாவில் ஊற்றுவாள். கும்பாவைச் சாய்த்தால் உடனே வராது. கொஞ்சம் யோசித்துத்தான் வரும். அடுப்படிப் புகையும், மாடு அசைபோடுகிற சத்தமும், ஆத்தாவின் வளையல் கும்பாவில் இடிக்கிற சத்தமும் அந்தப் பாலோடு சேர்ந்தே அவளுக்கு நினைவு வந்தன. வந்ததும் அழுகை வந்தது.

நம்புராசு ஒருநாள் படகேறி அக்கரைக்குப் போய் ஒரு செம்பு பால் வாங்கி வந்தான். வெயிலிலும் ஆட்டத்திலும் அது வரும்போதே தயிராகியிருந்தது. "குலுக்காமத்தான் கொண்டாந்தேன் புள்ள" என்று தலையைச் சொறிந்தான். அதன்பிறகு காற்றுக்காலம் தொடங்கிவிட்டது. இரண்டு மாதத்துக்கு எந்தப் படகும் கடக்க முடியாது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: இப்படியே போனால் பிள்ளை தங்காது.

ஒருநாள் காலையில் கடல் வற்றி உள்வாங்கியிருந்தது. மாயழகி முழங்கால் தண்ணீரில் நின்று அக்கரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் தாயி அழுகுற? கடல்ல உப்பு பத்தலைன்னா?" என்று காலடியில் ஒரு குரல் கேட்டது. குனிந்தாள். பாறையில் ஒரு பாசிக்கொத்து ஆடிக்கொண்டிருந்தது.

அவள் பாலைப் பற்றிச் சொன்னாள். பாசி முழுவதும் கேட்டது. அதற்கே அது ஆச்சரியமாக இருந்திருக்கும்.

"கெட்டியா, கொழகொழன்னு வரணும், அவ்வளவுதான? அதுக்கு நானிருக்கேன். என்னைக் கொதிக்க வச்சா பாலாடை தோத்துப்போகும். வா, நானும் தரை பாத்த மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணு, என்னை எடுக்கும்போது..."

அது சொல்லி முடிப்பதற்குள் மாயழகி இரண்டு கையாலும் கொத்தைப் பற்றி ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டாள். என்ன செய்வது, களை பறித்துப் பழகிய கை! வயலில் வேரை விட்டுவைத்தால் அவள் ஆத்தா திட்டுவாள். பாசி அடியோடு வந்தது, கூடவே கல்லும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. "ஐயோ!" என்றது பாசி. அதன்பின் வீடு வரைக்கும் அது வாய் திறக்கவே இல்லை.

வீட்டில் ஒரு சட்டி கடல்தண்ணீரில் கொத்தைப் போட்டுவிட்டு, நுனியில் ஒரு பிடி கிள்ளி வேறொரு பானையில் கொதிக்க வைத்தாள். சொன்ன மாதிரியே கெட்டியாக வந்தது. தேங்காய்ப்பால் பிழிந்து ஊற்றி, சீர்வரிசையோடு ஆத்தா முடிந்து கொடுத்த சுக்கு, ஏலம், பட்டையைத் தட்டிப்போட்டு, கருப்பட்டியும் சேர்த்தாள். ஆசையோடு வாயில் வைத்தாள். கடல் முழுவதும் வாய்க்குள் வந்த மாதிரி இருந்தது. ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

திரும்பி வந்து சட்டியைப் பார்த்துக் கத்தினாள்: "இந்த வாடையோடவா வந்த? இதுக்கு நீ வராமயே இருந்திருக்கலாம்!"

"அது வாடை இல்ல தாயி. அது எங்க வீடு" என்றது பாசி. "கொழுந்தை மட்டும் கிள்ளியிருந்தா அடி அங்கேயே இருந்திருக்கும். நான் இங்க நிம்மதியா இருந்திருப்பேன். நீ வேரோட கொண்டாந்துட்ட. இனி எனக்கு அங்க யாருமில்ல. அதான் இருக்கிறதை எல்லாம் இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கேன்."

மாயழகி சட்டியருகில் உட்கார்ந்தாள். அவளையும் பிறந்த வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள்தான். ஆனால் அடுப்படியில் ஆத்தா இருக்கிறாள், மாடு இருக்கிறது, வீடு அப்படியே இருக்கிறது. தன்னை நுனியில் கிள்ளி எடுத்து வந்ததற்கே இத்தனை நாளாகச் சோறில்லாமல் அழுகிறவள், இந்தப் பாசியை அடியோடு பெயர்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த நம்புராசு எழுந்தான். "எங்க புள்ள போற? தண்ணி ஏறுது. நீ நிக்கிற நெலைமையிலயா இருக்க?"

"ஒரு பிழை பண்ணிட்டேங்க. அதைச் சரி பண்ணணும்."

"பாசிக்காகவா?"

"ஆமா" என்று அவள் நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

இடுப்பளவு தண்ணீரில் அலை மோதியது. நம்புராசு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். கல் பெயர்ந்த இடத்தைக் காலால் தடவிக் கண்டுபிடித்தாள். முந்தானையில் ஒரு கீற்றுக் கிழித்து, பாசியின் அடியை அந்த இடத்திலேயே வைத்து, பாறையோடு சுற்றிக் கட்டினாள். இரண்டு முறை அலை அவிழ்த்தது. மூன்றாவது கட்டு நின்றது. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

"வா, போகலாம்" என்றான் நம்புராசு.

"இரு" என்றது பாசி. "கொழுந்தைக் கிள்ளிக்கோ தாயி. இப்ப நிம்மதியா வரும். என் வாடை, ருசி, நெறம் எல்லாத்தையும் இங்கேயே அடியில வச்சுக்கிறேன். கொழுந்து வெறும் ஆளா வரும். ஒட்டிக்கிட்டிருக்கிறது கொஞ்சம் இருந்தா வெயில் எடுத்துக்கும். நீ எதைக் குடுக்குறியோ அதை அது வச்சுக்கும்."

"நீ பேசுவியா?"

"பேசுனா எங்க வீட்டைப் பத்தித்தான் பேசுவேன். அப்புறம் உங்க வீடு உனக்கு எப்படிக் கேக்கும்?"

அவ்வளவுதான். அதுதான் பாசி பேசிய கடைசிப் பேச்சு.

மாயழகி கொழுந்தை நோகாமல் கிள்ளி எடுத்து வந்தாள். நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தாள், மறுபடி அலசினாள், மறுபடி காயவைத்தாள். நாலாம் நாள் வெள்ளை வெளேரென்று கிடந்தது. கொதிக்க வைத்து வடிகட்டி, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, மிச்சமிருந்த சுக்கையும் ஏலத்தையும் பட்டையையும் போட்டுக் கிண்டினாள். கும்பாவைச் சாய்த்தாள். கொஞ்சம் யோசித்துத்தான் வந்தது.

முதலில் தொண்டையில் சுக்கு, பிறகு ஏலம், கடைசியில் கருப்பட்டி. ஆத்தா வைத்த அதே வரிசை. மாயழகி கும்பாவைக் கீழே வைக்காமல் அழுதாள். மாட்டுப்பால் இல்லைதான். ஆனாலும் அடுப்படிப் புகை வந்தது, வளையல் சத்தம் வந்தது. குடித்தது வயிற்றில் நின்றது. மறுநாளும் நின்றது. அடுத்த வாரம் சோறும் நின்றது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. காற்றுக்காலம் எப்போதோ முடிந்திருந்தது. பேத்தியைப் பார்க்க ஆத்தா படகேறி வந்தாள். மாயழகி சுடச்சுட ஒரு கும்பா கொடுத்துவிட்டு, "உன் கைப்பக்குவம் எப்படி வந்திருக்குன்னு சொல்லு ஆத்தா" என்று எதிரில் உட்கார்ந்தாள்.

ஆத்தா ஒரு வாய் குடித்தாள். அடுத்த வாய் குடிக்கவில்லை. கும்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"இது என் பக்குவம் இல்லடி. எங்க ஆத்தா வச்ச மாதிரியே இருக்கு. அவ போயி இருபது வருசமாச்சே. அவளை நீ எங்கடி பாத்த?"

அன்று முதல்தான் கடல்பாசிக்கு வாயும் இல்லை, தனக்கென்று ஒரு ருசியும் இல்லை. பாசி எடுக்கிற பெண்கள் அடியைப் பாறையிலேயே விட்டுவிட்டுக் கொழுந்தை மட்டும் கிள்ளுகிறார்கள், குடிக்கிறவர்கள் எல்லாரும் முதல் வாயில் கொஞ்சநேரம் தங்கள் வீட்டுச் சத்தத்தைக் கேட்கிறார்கள்.