பொய் சொன்ன சக்கரம்

"இந்தச் சக்கரம் பொய் சொல்லுது, மாஸ்டர்."

காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டிச் சொன்னார் நாச்சிமுத்து. வயது ஐம்பத்திரண்டு. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டிவிடுவார். கம்ப்யூட்டர் வண்டி கற்றுக்கொள்ளத்தான் மலையடிவாரத்துப் பட்டறையில் வந்து சேர்ந்திருந்தார்.

மாஸ்டர் சகாயமேரி அவரைவிட ரொம்பச் சின்னவர். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பொய்ங்ணா?"

"மூணு சக்கரம் ஒரே வேகத்துல சுத்துது. முன்னாடி இடது சக்கரம் மட்டும், நான் இன்னும் வேகமா சுத்தறேன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லுது. சக்கரம் வழுக்குதாக்கும்னு அது இஞ்சினை அமுக்கிடுது. ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் லைட் எரியுது. வண்டி வளைவுல ஏறாம நின்னுடுது."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"சென்சாரைத் துடைச்சேன். அப்புறம் புதுசே மாட்டுனேன். வயரையும் பார்த்துட்டேன். திரும்பவும் அதே பொய்."

காரின் சொந்தக்காரன் செங்கோட்டுவேலு வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்துகொண்டிருந்தான். லாரி டிரைவர். லோடு ஏற்றி வடக்கே போயிருந்தபோது மகள் பிறந்துவிட்டாள். நேற்றுத்தான் ஊர் திரும்பினான். போனில் பார்த்ததோடு சரி, நேரில் இன்னும் முகம் பார்க்கவில்லை. மலைமேல் ஆஸ்பத்திரியில் இன்றைக்கு டிஸ்சார்ஜ்.

"அண்ணா, ஆகுமா ஆகாதா? பாப்பாவை மடியில வெச்சுக்கிட்டு எனக்காக உக்காந்திருக்காங்க."

நாச்சிமுத்து ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். தேய்ந்த ஸ்பேனர். நழுவி விரலைப் பதம் பார்த்தது.

"புது ஸ்பேனர் செட்டு வாங்குனீங்களே, எங்கங்ணா?" என்றார் மாஸ்டர்.

"அது அலமாரி மேல இருக்குது. சொந்தமா பட்டறை தொறக்கறப்பதான் பிரிக்கணும்."

மாஸ்டர் டம்ளரை வைத்துவிட்டு சாக்பீஸ் எடுத்தார். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு போட்டார்.

"தம்பி, ஏறி ஸ்டியரிங்கை நேரா பிடி. அண்ணா, தள்ளுங்க."

"நானா?"

"நானுந்தான்."

செங்கோட்டுவேலு உட்கார்ந்ததும் சீட்டு சலசலத்தது. கார் வாங்கி மூன்று வருஷம். சீட்டில் ஷோரூம் போட்ட ப்ளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது.

தள்ளினார்கள்.

"கோளாறு பாக்கற ஸ்கேனர் எல்லாம் வெச்சுக்கிட்டு கடைசில தள்ளுவண்டிதானா, மாஸ்டர்?"

"பேசாம தள்ளுங்ணா, மூச்சு வாங்குது," என்று மாஸ்டர் சிரித்தார். பட்டறை முற்றம் முடிகிற இடத்தில், "போதும்" என்றார்.

மூன்று டயர்களின் கோடு சுற்றிவந்து மறுபடி தரையைத் தொட்டிருந்தது. முன்னாடி இடது டயரின் கோடு மட்டும் தரையைத் தாண்டி ஒரு சாண் மேலே ஏறியிருந்தது.

நாச்சிமுத்து குந்தி உட்கார்ந்தார். பின்டயரின் பள்ளத்தில் விரலை விட்டார். நன்றாக இறங்கியது. இடது முன்டயரில் நகம்கூடப் பதியவில்லை.

"மாஸ்டர், இது பொய் சொல்லல."

"ம்."

"தேஞ்ச டயரு. மத்ததைவிடச் சின்னது. அதுங்க கூட ஓடணும்னா இது வேகமாத்தான் சுத்தியாகணும். நெஜத்தைத்தான் சொல்லியிருக்குது, பாவம்."

எழுந்து செங்கோட்டுவேலுவிடம் கேட்டார். "டயர் மூணு மட்டுமா மாத்துன?"

"நாலு வாங்குனேங்ணா, நேத்து. பாப்பா வர்ற வண்டியாச்சே."

"நாலாவது எங்க?"

"டிக்கில. ஸ்டெப்னியா போட்டிருக்கேன். நல்லதா ஒண்ணு இருக்கட்டுமேன்னு."

மாஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"யாருக்குத் தம்பி எடுத்து வெச்சிருக்க?"

செங்கோட்டுவேலு போய் டிக்கியைத் திறந்தான்.

சக்கரத்தை மாற்றியதும் லைட் அணைந்தது. வண்டி மலையேறியது. வளைவுக்கு வளைவு அவன் அடித்த ஹாரன் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுக்காரன் மாதிரி அடித்தான். அது கேட்காமல் போகும்வரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

சாயங்காலம் கார் இறங்கி வந்து பட்டறை முன்னால் நின்றது. பின்சீட்டில் அவன் மனைவி. மடியில் துண்டுக்குள் ஒரு சின்னத் தலை.

"லைட் எரிஞ்சுதா?" என்று ஓடினார் நாச்சிமுத்து.

செங்கோட்டுவேலு வாயில் விரலை வைத்தான். "மெதுவாங்ணா. இப்பதான் தூங்குனா. லைட்டெல்லாம் எரியல."

நாச்சிமுத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பாப்பா வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்கியது. பார்த்ததில் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அப்போதுதான் சீட்டைக் கவனித்தார்.

"உறை எங்கப்பா?"

"கிழிச்சுப் போட்டுட்டேங்ணா. அசைஞ்சா சலசலங்குது. பாப்பா முழிச்சுக்குவா."

நாச்சிமுத்து விறுவிறுவென்று பட்டறைக்குள்ளே போனார்.

"அண்ணா, டீ வருது," என்றார் மாஸ்டர்.

அலமாரிப் பக்கம் ஸ்டூலை இழுக்கிற சத்தம். அப்புறம், கெட்டியான ப்ளாஸ்டிக்கை யாரோ பலமாகக் கிழிக்கிற சத்தம்.

பாப்பா விழித்துக்கொண்டது.