சிப்பி மேட்டில் ஒரு குழி

"திருட்டுப் பயலே! கழியில இருந்த மட்டியெல்லாம் தின்னு தீர்த்தவன் நீதானே! விரட்டுங்கடா இவனை!"

சிப்பி மேட்டின் மேலிருந்து கத்தியது கடுவன் குரங்கு. அதன் கூட்டம் நீர்நாயைச் சுற்றி வளைத்தது. ஒவ்வொரு குரங்கின் கையிலும் மட்டிச் சிப்பி உடைக்கிற கல்.

நீர்நாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. பயத்தில் இல்லை, கோபத்தில். போன மழை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்டதால்தான் அது இந்தக் கழிமுகத்தில் குடியேறியது.

"நான் தின்னது மீனு, பெரியவரே!"

"பொய்! நீ வந்த பிறகுதான் மட்டி நகம் அளவுக்குச் சிறுத்துப் போச்சு. கழியில தண்ணி ஏறுறதுக்குள்ள ஓடிப் போயிடு!"

"நான் வர்றதுக்கு முன்னாடி மட்டும் பெருசா இருந்துச்சா?"

மரத்தில் இருந்த ஒரு காகம், "கேட்டான் பாரு!" என்றது.

"நீ மூடிக்கிட்டு இரு!" என்று சீறியது கடுவன்.

அந்தக் குரங்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மட்டியை எங்கே எடுத்தாலும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துதான் உடைத்துத் தின்னும். குட்டிகளின் காலைக் கிழிக்கக் கூடாதே என்று உடைந்த ஓடுகளை அங்கேயே போட்டுவிடும். தலைமுறை தலைமுறையாகப் போட்டதில் அது பெரிய மேடாகிவிட்டது. கடுவன் அதன் உச்சியில்தான் உட்காரும். "எங்க பாட்டன் பூட்டன் எவ்வளவு தின்னிருக்காங்க பாரு!" என்று பெருமை வேறு.

நீர்நாய் அந்த மேட்டையே பார்த்தது. சட்டென்று பாய்ந்து அதன் பக்கவாட்டில் பறண்டத் தொடங்கியது.

"என்னடா பண்றே?"

"உங்க பெருமையைத்தான் தோண்டிப் பார்க்கிறேன்!"

மேலே கிடந்த ஓடெல்லாம் நகம் அளவு. கொஞ்சம் உள்ளே போனால் நெல்லிக்காய் அளவு. இன்னும் உள்ளே எலுமிச்சங்காய் அளவு. அடி மண்ணில் இருந்த ஓடு குரங்கின் உள்ளங்கையையே மறைத்தது. எல்லாவற்றிலும் கல்லால் அடித்த உடைசல்.

"இதைத் தின்னது நானா? என் பல்லு இப்படியா உடைக்கும்? அடியில கிடக்கிறதைத் தின்ன காலத்துல எங்க தாத்தனே பொறந்திருக்க மாட்டான்! பெருசு பெருசா நீங்களே பொறுக்கித் தின்னீங்க. அது தீர்ந்ததும் அடுத்தது. இப்போ குஞ்சைக்கூட வளர விடுறதில்லை. பழி மட்டும் நேத்து வந்தவன் மேலயா? வெட்கமா இல்லை?"

ஒரு மந்தி அந்தப் பெரிய சிப்பியைத் தன் குட்டியின் கையில் வைத்துப் பார்த்தது. பிறகு, தான் பிடித்திருந்த நகம் அளவு மட்டியைச் சேற்றில் திரும்பப் போட்டது.

கடுவனின் முகம் தொங்கிப் போனது. மேட்டிலிருந்து இறங்கி வந்து நீர்நாயின் காதோடு பேசியது.

"சரி விடு. நீ இங்கேயே இருந்துக்கோ, யாரும் தொட மாட்டாங்க. அந்தக் குழியை மட்டும் மூடிடு. சின்னதுங்க பார்க்குதுங்க."

"பார்க்கட்டுமே!"

"மூடலேன்னா இருக்க முடியாது, சொல்லிட்டேன்!"

கழியில் தண்ணீர் ஏறியது. குரங்குகள் கையில் இருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டு, ஒவ்வொன்றாக வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தன. நீர்நாய் குழிக்குப் பக்கத்திலேயே நீட்டிப் படுத்துக்கொண்டது. மூடச் சொன்ன குழியை அது மூடவே இல்லை.

தான் தின்று போட்ட குப்பையைக் கிளறிப் பார்க்காதவனுக்கு, அடுத்தவனைத் திருடன் என்று சொல்ல வாயில்லை.