வளையமாகக் கண்ட சேந்தியார்

கீழைக் கடலோரத்தில் வெண்கழி என்றோர் ஊர் இருந்தது. அங்கே உப்பு விற்றுப் பிழைத்தவர் சேந்தியார். கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்தவர், பிள்ளையும் இல்லை. உப்பளத்தில் வாரிய உப்பில் முதல் கைப்பிடியை ஈசன் கோயில் மடைப்பள்ளியில் சேர்த்துவிட்டுத்தான் தெருவில் விலை கூறுவார். கோயிலில் அவருக்கு இருந்த உரிமை அவ்வளவே. அதையே பெரும்பேறாக நினைத்தார்.

ஒரு கோடையில் உப்பு வண்டிகளோடு மலை கடந்து மேலைக் கடற்கரைக்குப் போனார். அங்கே ஓர் அமாவாசைக் காலையில் கிரகணம் பிடித்தது. சூரியனின் நடுவெல்லாம் கறுத்து, ஓரம் மட்டும் நெருப்பு வளையமாய் நின்றது. வண்டிக்காரர்கள் நடுங்கினார்கள். சேந்தியார், "எங்கப்பன் ஈசன் காதுக் குழையில்லையா இது" என்று மணலில் விழுந்து வணங்கினார்.

ஊர் திரும்பினால் அங்கும் கிரகணப் பேச்சுதான். அதே அமாவாசைக் காலையில் வெண்கழியில் சூரியன் முழுதும் மறைந்து, பகலிலே விண்மீன்கள் தெரிந்தனவாம். தாம் வளையத்தைக் கண்டதாகச் சேந்தியார் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். கோயில் அதிகாரி மாறங்காரி சிரிக்கவில்லை. சூரியன் முழுதும் விழுங்கப்பட்டதென்று ஊரைக் கூட்டிப் பெரிய சாந்தி பூசை செய்தவர் அவர். வண்டித் தலைவரை அழைத்து விசாரித்தார்.

"நான் மாட்டைப் புடிச்சிட்டு நின்னேங்க. வானத்தைப் பார்க்கலை" என்று தலைவர் நழுவிவிட்டார்.

"கேட்டியா? தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ" என்று சேந்தியார் பக்கம் திரும்பினார் மாறங்காரி.

"ஊரு பார்த்ததை நான் பொய்யின்னு சொல்லலையே ஐயா. எனக்குக் காட்டினதை இல்லைன்னா, காட்டினவரைப் பொய்யாக்கினது ஆகாதா?" என்றார் சேந்தியார்.

"பொய் பேசுறவ கையால வந்த உப்பு சாமிக்கு ஆகாது."

கோயில் தள்ளிய உப்பை ஊரும் வாங்கவில்லை. சேந்தியார் கழியில் நத்தை பொறுக்கிப் பசியாறினார். அதுவும் கிடைக்காத நாளில் பட்டினி கிடந்தார். ஆனாலும் முதல் கைப்பிடி உப்பை இலையில் ஏந்திப்போய்க் கோயில் வாசலில் வைத்து வணங்குவதை விடவில்லை. மாடுகள் அதை நக்கிச் சென்றன. "சாமி வாகனந்தானே, தின்னட்டும்" என்பார்.

மழைக்காலம் வந்தது. ஒரு நண்பகலில் பூசகர் வாமதேவர் அமுது படைத்துத் திரையை விலக்கினார். மாறங்காரியும் உடன் நின்றிருந்தார். கருவறையிலிருந்து குரல் எழுந்தது.

"சோற்றில் உப்பில்லை."

"அடியேன் கையாலேயே போட்டேனே, சுவாமி" என்று பூசகர் தடுமாறினார்.

"சேந்தியின் உப்பு இல்லை. மேலைக் கரையில் வளையமாகவும், இங்கே இருளாகவும் நின்றது ஒரே கதிரவன். இரண்டையும் காட்டியவர் நாமே. நமக்காகப் பசித்திருப்பவளை வாசலோடு நிறுத்திவிட்டு நமக்கு அமுது எதற்கு?"

இருவரும் மழையில் நனைந்தபடி உப்பளத்தோரம் இருந்த சேந்தியாரின் குடிசைக்கு ஓடினார்கள். மாறங்காரி சேந்தியாரின் காலில் விழுந்து, நடந்ததைச் சொல்லி அழுதார். கேட்ட சேந்தியார் கோயில் இருந்த திசை நோக்கிக் கைகூப்பினார்.

"எழுந்திருங்க ஐயா, சேறு" என்றார் பிறகு. குடிசைக்குள் போய் ஒரு கைப்பிடி உப்பு எடுத்து வந்தார். "மழையில நமுத்துக் கிடக்கு. கொஞ்சம் கூடவே போடச் சொல்லுங்க. அவரு பசியோட இருக்காரு."

தம் பசியைச் சொல்லத் தோன்றாத அந்தத் தாயின் பாதங்களை நாமும் வணங்குவோம்.